கீமோதெரபி காலத்தில் வீட்டு ஜெபம்: அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 46 வயதான என் மனைவிக்குக் கடந்த ஜூன் மாதம் சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை, என்று உறுதியாகி, அறுவை சிகிச்சைக்குப் பின் 21 நாட்களுக்கு ஒருமுறை கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல் மருந்துகள் ஏற்றப்படுகின்றன. ஆறு சுற்றுகளில் நான்கு முடிந்துள்ளன. பாதங்கள் மரத்துப்போகின்றன, சோர்வு மிகுதி. ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்துவிடுவதால், கூட்டத்தில் இருக்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அவளைத் தாங்கி நிறுத்துவதே சபைதான். இருபது ஆண்டுகள் பாடகர் குழுவில் பாடியவள். மூன்றாம் சுற்றுக்குப் பின் எங்கள் வீட்டு ஜெபத்திற்கு முப்பது பேர் வந்தார்கள். நான்காம் நாள் காய்ச்சல் கண்டு, ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள். பிறகு ஒருவரும் வர வேண்டாம் என்றேன். காய்ச்சல் வரவில்லை, ஆனால் அவள் பேச்சு குறைந்துவிட்டது.

குருவானவர் வீட்டிற்கே வந்து, பொதுக் கிண்ணத்தைத் தவிர்த்துத் தனிக் கிண்ணத்தில் நற்கருணை கொடுத்தார். அன்று முகம் தெளிந்திருந்தாள். தொலைபேசி ஜெபம் பத்து நிமிடத்தில் களைப்பூட்டுகிறது. இரவில் நாங்கள் இருவரும் சங்கீதம் வாசிக்கிறோம்; இருளிலேயே முடியும் 88ஆம் சங்கீதம், பலர் சொல்லும் ஆறுதலைவிட அவளுக்கு நெருக்கமாக இருக்கிறது. விசுவாசம் இருந்தால் நோய் தொற்றாது என்பவர்களிடம் வாதாடி நான் சலித்துவிட்டேன்.

இப்படிப்பட்ட சிகிச்சையின்போது, சபையார் எந்த நாட்களில், எத்தனை பேராக, எவ்வளவு நேரம் வந்து ஜெபிக்கலாம் என்பதை உங்கள் வீட்டில் எப்படி ஒழுங்குபடுத்தினீர்கள்?