வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்: எஸ்.பி.ஐ.

கிளிநொச்சி ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். உயர்தரப் புவியியல் வகுப்புக்காக இலங்கையின் வறட்சிப் படம் ஒன்று வரைந்திருக்கிறேன். 2016 பெரும்போகம் (வடகீழ்ப் பருவமழையை நம்பிய நெற்பருவம்) பொய்த்ததே, அந்த ஒக்டோபர் முதல் திசம்பர் வரையான மழை. வெள்ளிக்கிழமை பிரதியெடுக்கக் கொடுக்க வேண்டும். தலைப்பில் இன்னும் எஸ்.பி.ஐ. (Standardized Precipitation Index) என்றே நிற்கிறது, அதற்குத் தமிழ்ச் சொல் வேண்டும். 1993இல் கொலராடோவில் மக்கீ குழுவினர் வகுத்த அளவு அது. மன்னாரில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர். இரத்தினபுரியில் 3,500க்கு மேல். 300 மில்லிமீற்றர் குறைந்தால் மன்னாரில் குளம் வற்றிவிடும், இரத்தினபுரியில் குடையைக்கூட மடிக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வோர் இடத்தையும் அதன் சொந்தப் பதிவுகளோடு மட்டும், குறைந்தது 30 ஆண்டுப் பதிவுகளோடு, ஒப்பிட்டு ஓர் எண் தருகிறார்கள். பூச்சியத்தை ஒட்டியிருந்தால் வழக்கமான மழை. −1க்குக் கீழே வறட்சி, −2க்குக் கீழே மிகக் கடும் வறட்சி. 'தரப்படுத்திய மழைவீழ்ச்சிச் சுட்டெண்' என்று போட்டுவிடட்டுமா?

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
எஸ்.பி.ஐ. என்றால் எங்களூரில் வங்கிக் கணக்குதான் நினைவுக்கு வரும், கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் இங்கே 'மழைப்பொழிவு', 'குறியீட்டு எண்' என்றுதான் பாடநூல்கள் எழுதுகின்றன. தவிர, precipitation என்ற மூலச்சொல்லில் பனியும் ஆலங்கட்டியும் அடக்கம்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற நில அளவையாளர்:
பிள்ளை, வேறு எந்தச் சொல்லை வேண்டுமானாலும் போடுங்கள், 'தரப்படுத்திய' வேண்டாம். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பரீட்சை எழுதியவன் நான். மொழிவாரியாகப் புள்ளிகளை மாற்றி, தமிழ் மாணவரின் இடங்களைக் குறைத்த 'தரப்படுத்தல்' காலம் அது. எங்கள் தலைமுறைக்கு அந்தச் சொல்லின் பொருள் அகராதியில் இல்லை. பிள்ளைகள் அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனால் தாத்தாமார் மழையையா பார்ப்பார்கள்?

மதுரைப் புலவர்:
ஆயத்தமான சொல் இருக்க ஏன் அலைகிறீர்கள்? சிலப்பதிகாரத்து உரைபெறு கட்டுரையைத் திறந்து பாருங்கள். பாண்டிய நாடு 'மழைவறம் கூர்ந்து' என்று வருகிறது. அதே கட்டுரையில் கடல்சூழ் இலங்கை மன்னன் கயவாகுவும் வருகிறான்! உங்கள் தீவுக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? வறம், வறள், வறுமை, வற்று, வற்கடம் எல்லாம் ஒரே வேர். 'வானம் வறக்குமேல்' என்றார் வள்ளுவர். எனவே இடையின ரகரம் போட்டு 'வரட்சி' என்று எழுதும் சுற்றறிக்கைகளை முதலில் திருத்த வேண்டும். 'மழைவறச் சுட்டெண்'. முடிந்தது.

பேராதனை, புள்ளியியல் மாணவன்:
ஐயா, சொல் அழகு. ஆனால் இந்த எண் +2 என்றும் வரும், அப்போது வெள்ளம். 'மழைவறம் +2' என்று படித்தால் மாணவர் வறட்சி இரட்டிப்பு என்றல்லவா நினைப்பார்? எங்கள் பாடநூலில் standard deviation என்பதற்கு 'நியம விலகல்' இருக்கிறது. அதனால் 'நியம மழைவீழ்ச்சிச் சுட்டெண்'. அண்ணா, பனிக்குப் பதில்: நுவரெலியாவில் உறைபனி படிகிறது, வானத்திலிருந்து விழுவதில்லை. மழை போதும்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:
நாங்கள் 'திட்ட விலக்கம்' என்போமே.

மதுரைப் புலவர்:
நியமம் வடசொல். தமிழில் எடுத்துக்கொண்டாலும் மதுரைக்காஞ்சியில் 'இருபெரு நியமம்' என்றால் இரண்டு கடைத்தெருக்கள். மழையை விற்கப் போகிறீர்களா?

மன்னார், விவசாயப் போதனாசிரியர்:
கமக்காரர் என்னிடம் சுட்டெண் கேட்பதில்லை. 'வழமையைவிட எவ்வளவு குறைவு?' என்றுதான் கேட்கிறார்கள். 'மழை வழமைச் சுட்டெண்' என்றால் என்ன குறை?

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற நில அளவையாளர்:
தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் உள்ள யாழ்ப்பாணத்தாருக்கு இது உடனே விளங்கும். எனக்குச் சம்மதம்.

பேராதனை, புள்ளியியல் மாணவன்:
வழமையிலிருந்து விலகிய மில்லிமீற்றர் வேறு, இது வேறு. மழைத் தரவு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதைக் காமாப் பரம்பல் என்ற சாய்ந்த வளைவில் பொருத்தி, பிறகு இருபுறமும் சமமான மணிவடிவ இயல்புப் பரம்பலுக்கு மாற்றிய பிறகுதான் இந்த எண் கிடைக்கிறது. அந்த வேலை பெயரில் தெரிய வேண்டாமா?

மன்னார், விவசாயப் போதனாசிரியர்:
தம்பி, வெப்பமானி என்ற பெயரில் பாதரசம் தெரிகிறதா?

கிளிநொச்சி ஆசிரியை:
எல்லோருக்கும் நன்றி. 40 பிரதிகள் எடுத்தாயிற்று. 'நியம மழைவீழ்ச்சிச் சுட்டெண்' என்று தலைப்பு. பரீட்சையில் எழுத அது உதவும். அதன் கீழே சிறிய எழுத்தில் 'வழமையோடு ஒப்பிட்ட மழை'. படத்தை இணைத்திருக்கிறேன்.

மதுரைப் புலவர்:
பார்த்தேன். 'மழைவீழ்ச்சி'க்குப் பின் 'ச்' விடுபட்டிருக்கிறது. மழைவறத்தை நான் விடுவதாக இல்லை.