புதுப்பிப்பு: கொள்ளுப்பாட்டியின் ‘ஜுரம்’

குடும்பக் குறிப்பேட்டில் கொள்ளுப்பாட்டியின் பெயருக்கு எதிரே ‘ஜுரம் கண்டு மரணம்’ என்று மட்டும் இருப்பதைச் சொல்லி, அது மலேரியாவாக இருக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். அதே ஏட்டின் பின்பக்கத்தில், மை பரவி மங்கிய ஒரு வரியில், அவருடைய கடைசிக் குழந்தை பிறந்த தேதி கிடைத்தது. இறப்புக்கு 6 நாள் முன்பு. ஆகவே, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமி தொற்றி வரும் காய்ச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று இப்போது கருதுகிறேன். மருத்துவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவினாலே இக்காய்ச்சல் வெகுவாகக் குறையும் என்று 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காட்டியும், அது ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின என்பதை நினைக்கையில் நெஞ்சு கனக்கிறது. பழைய பதிவுகளில் ‘ஜுரம்’, ‘வீக்கம்’ என்பவை பெரும்பாலும் அறிகுறிகளே. நோயின் பெயர்கள் அல்ல. எனவே இறந்த தேதியோடு, அதையொட்டிய பிறப்புத் தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் குழந்தைதான் என் தாத்தா.