வாடியைத் தாண்டிய பிறகு: மாடு வளர்க்கிறவர்களின் அனுபவங்கள்

சிவகங்கைப் பக்கத்திலிருந்து, மாடு வளர்ப்பவர்

ஜல்லிக்கட்டு என்றாலே வாடிவாசலில் மாடு பாய்கிற அந்த நேரத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். திமிலைப் பிடித்தவன் மூன்று துள்ளல் தாங்கினானா, மாடு பிடிமாடா, பரிசு மாட்டுக்காரருக்கா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எங்களைக் கேட்டால் அதற்குப் பிறகுதான் வயிற்றைக் கலக்கும். மாடு வாடியைத் தாண்டிப் போய்விட்டது. இனி அது எங்கே நிற்கும், யார் கயிறு போடுவது? இதில் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எங்கள் கறுப்புக் காளை காரி, கிடையில் பிறந்த புலிக்குளம் இனக் கன்று. மானாமதுரைச் சுற்றுப்பட்டில் கிடைமாட்டுக்காரர்கள் அறுப்பு முடிந்த வயலில் மாட்டை அடைத்துப்போட்டு, சாணத்துக்கும் கோமியத்துக்கும் கூலி வாங்குவார்கள். பாலுக்காக வளர்க்கிற மாடு இல்லை அது. கிடைக்கூலி போக, காளைக்கன்று விற்றுத்தான் அவர்கள் நாலு காசு பார்க்க முடியும். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகு கன்று கேட்டு ஆளே வரவில்லை. சுழி சுத்தமான (உடம்பில் மயிர்ச்சுழி நல்லபடி அமைந்த) கன்றுகள் அடிமாட்டு விலைக்குப் போனதைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் ஆறவில்லை எனக்கு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டை மறுபடி நடத்தத் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததும்தான் கிடைக்காரர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம்.

கிடைக்கன்று காடு கரையெல்லாம் மேய்ந்து திரிந்தது, கட்டுத்தறி பழகாதது. அதனால்தான் வாடியில் அத்தனை வேகம். வெளியே வந்ததும் கூட்டத்தைக் கண்டு மிரண்டு வெட்டவெளியைத் தேடி ஓடுவதும் அதனால்தான். மண் குத்த விடுகிறோம், கண்மாயில் நீச்சல் போட விடுகிறோம், பருத்திக்கொட்டையும் உளுந்தம்பொட்டும் பார்த்துப் பார்த்து வைக்கிறோம். ஆனால் மாட்டை ஒரு குரலுக்குப் பழக்குவதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. எங்கள் வீட்டில் தண்ணீர் காட்டுவது என் தம்பி மட்டும்தான். அவன் நாக்கைச் சொடுக்கினால் காரி தலையைத் தூக்கிப் பார்க்கும். களத்தில் நான் உள்வாடியில் நின்று மூக்கணாங்கயிற்றை உருவி விடுவேன். தம்பி வாடிப் பக்கமே வரமாட்டான். மாடு சேருமிடத்தில் கயிறோடு நிற்பான்.

ஒரு வருடம், ஊர் பெயர் வேண்டாம், சேருமிடத்துத் தடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. முந்தின மாடுகள் மோதியது; யாரும் தூக்கிக் கட்டவில்லை. காரி யார் கையிலும் சிக்காமல் வந்தது. மைக்கில் மாட்டுக்குப் பரிசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சந்து வழியாகத் தாண்டிவிட்டது. தம்பி குரல் கொடுத்தான். விசில் சத்தத்தில் எங்கே கேட்கும்? வயல், கருவேலங்காடு, அதைத் தாண்டி ரோடு. இருட்டின பிறகு எங்கள் பயமெல்லாம் கிணறுதான். அந்தப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகள் பாதிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. டார்ச் அடித்து ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனோம். வேறு ஊர்ப் பையன்களும் அவரவர் மாட்டைத் தேடிக்கொண்டு எதிரே வந்தார்கள். "செவலை ஒன்னு பாத்தீங்களாண்ணே?" என்று அவர்கள் கேட்க, நாங்கள் காரியைக் கேட்க, அப்படியே பொழுது போனது.

விடியற்காலையில் போன் வந்தது. கழுத்துப் பட்டையில் நம்பர் எழுதியிருந்தோம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் தொழுவத்துப் பசுக்களை அவிழ்த்து வெளியே விட்டிருக்கிறார், காரி தானாக வந்து அவற்றோடு நின்றிருக்கிறது. மனிதர் கயிறு போடவே முயலவில்லை. "தெரியாத கை பட்டா மறுபடி ஓடிரும், அதான் தம்பி உங்களுக்காகக் காத்திருந்தேன்" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டுப் பசு ஒன்றையும் வண்டியேற்றிக்கொண்டு போகிறோம்.

புதுக்கோட்டையிலிருந்து

அண்ணே, குரல் விஷயம் சத்தியம். எங்கள் வீட்டில் அந்தக் குரல் என்னுடையது. தவிடு கரைத்து வைத்து, சாணி அள்ளி, சாயங்காலம் நடை கூட்டிப் போவதெல்லாம் நான்தான். ஆனால் களத்துக்கு மட்டும் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் போவார்கள். பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று கமிட்டியில் ஒருவர் வாய்விட்டே சொன்னார். மாடு சேருமிடத்தில் அன்று நான்கைந்து பேர் கயிறு வீசியும் கிட்ட விடவில்லை. அண்ணன் கடைசியில் போனை ஸ்பீக்கரில் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டதும் அது நின்றதாம். அதற்கடுத்த வாடியிலிருந்து நானும் போகிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் தச்சங்குறிச்சியில் ஆரம்பித்தால் கோடை வரை வாடி வாடியாக நடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே மாட்டை ஏற்றிப் போகிறார்கள். முந்தின நாள் சாயங்காலமே வரிசையில் நிற்க வேண்டும், இரவெல்லாம் தூக்கமில்லை, அடுத்த மாடு பக்கத்திலேயே சீறிக்கொண்டு நிற்கும். அப்படிக் களைத்துப் போன மாடு வெளியே வந்தால் ஆளையும் தெரியாது, குரலையும் தெரியாது. பரிசுக்கு ஆசைப்பட்டு மாட்டை இப்படிப் போட்டு வதைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாடிக்கும் அடுத்த வாடிக்கும் நடுவில் நன்றாக இடைவெளி விட்டுத்தான் நாங்கள் அவிழ்க்கிறோம்.

திருப்பத்தூர், வடமாடு விடுகிறவர்

எங்களுக்கு ஓடிப்போகிற பயம் இல்லை. வடத்தில் கட்டின மாடு வட்டத்துக்குள்ளேயே நின்று விளையாடும், ஒன்பது பேர் இறங்குவார்கள், குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். ஆனால் வடத்தை அவிழ்த்துக் கைக்கயிறு மாற்றுகிற நேரம் இருக்கிறதே, அதில்தான் எங்கள் ஆட்கள் குத்துப் பட்டிருக்கிறார்கள். மாட்டின் கோபம் தணியும் முன்னே பரிசு வாங்க, போட்டோ எடுக்க என்று சுற்றி நிற்காதீர்கள் தம்பிகளா.

கால்நடை மருத்துவர், மதுரை மாவட்டம்

வாடிக்கு முன்னால் நாங்கள் பார்ப்பது வயது, உடல்நிலை, கொம்பு, சாராயமோ மிளகாய்ப்பொடியோ பட்ட அடையாளம். அந்தக் கொடுமைகள்தான் 2014 தீர்ப்பில் வந்து நின்றன. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டுச் சட்டம் செல்லும் என்றது, அந்தச் சட்டத்தின்படி விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். என்னிடம் வரும் காயங்களில் பெரும்பகுதி களத்துக்குள் பட்டதில்லை. தார் ரோட்டில் ஓடித் தேய்ந்த குளம்பு, முள்கம்பி கிழித்த தொடை, கிணற்றில் விழுந்து முறிந்த கால்.

தேடிக் கண்டுபிடித்த மாட்டை உடனே வண்டியேற்றாதீர்கள். நிழலில் நிறுத்தி, மூச்சு அடங்கின பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். ஜெயித்து வந்த ஆசையில் அன்று இரவே அரிசியும் தானியமுமாக அள்ளி வைப்பார்கள். வயிறு உப்பிச் செத்த மாட்டைப் பார்த்திருக்கிறேன். வைக்கோல் போதும். கிணற்றில் விழுந்துவிட்டால் கழுத்தில் கயிறு போட்டு இழுக்கவே கூடாது. தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், வயிற்றடியில் பட்டை கொடுத்துத் தூக்குவார்கள்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து, மாடு வளர்ப்பவர்

டாக்டர், நன்றி. புதுக்கோட்டைத் தங்கச்சிக்கும்தான். இந்த வருடம் எங்கள் ஊர் மஞ்சுவிரட்டுக்குக் கமிட்டி கூடும்போது, மாடு ஓடுகிற திசையில் இருக்கும் திறந்த கிணறுகளைச் சுற்றி முள் அடைக்கச் செலவை வசூலிலேயே எடுத்து வைக்கச் சொல்லப் போகிறோம். உங்கள் ஊரில் யாராவது இதை ஏற்கெனவே செய்திருந்தால் எப்படி அடைத்தீர்கள், தோட்டக்காரர்கள் ஒத்துக்கொண்டார்களா என்று எழுதுங்கள்.