பழைய 800-இல் ஹீட்டர் ஒழுகல்: இடது பக்க மேட் நனைகிறது, கண்ணாடி உள்ளே மங்குகிறது. ஏற்காட்டில் இருப்பவன், என்ன செய்யலாம்?

நாகலூர் 800:
வணக்கம். எங்கள் வீட்டில் 1999 மாடல் மாருதி 800 இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. ஏசி வேலை செய்து பல வருடம் ஆகிறது. ஹீட்டர் மட்டும் நன்றாகவே இருந்தது. மூன்று வாரமாகத்தான் இந்தத் தொல்லை. இடது பக்க முன் சீட்டில் கால் வைக்கும் மேட் ஓரமாக நனைகிறது. ப்ளோயரைப் போட்டால் வெல்லப்பாகு போல ஒரு இனிப்பு வாடை வருகிறது. முன் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிகிறது. துணியால் துடைத்தாலும் போவதில்லை, எண்ணெய் தடவியதுபோல இழுபடுகிறது.

போன செவ்வாய் விடிகாலை 5 மணிக்கு அம்மாவைக் கண் பரிசோதனைக்காகச் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வெளியே பனி, உள்ளே இந்தப் படலம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. சாலையே தெரியவில்லை. எப்படியோ ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். கை நடுக்கம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கீழே ஒரு பட்டறையில் காட்டியபோது, "ரேடியேட்டர் மூடியை அரைத் திருகு லூசாக வைத்து ஓட்டுங்கள், பிரஷர் ஏறாது, ஒழுகாது" என்றார்கள். அப்படிச் செய்யலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி:
முதலில் அது மழைத் தண்ணீரா, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்டா என்று பாருங்கள். வைப்பருக்குக் கீழே இலை அடைத்துக்கொண்டாலும் அதே இடம்தான் நனையும். எங்கள் வண்டியில் அப்படித்தான் இருந்தது, சில்வர் ஓக் இலையை அள்ளிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஒரு வெள்ளைக் காகிதத்தை மேட்டில் அழுத்தி எடுங்கள். நிறமோ வழவழப்போ இருந்தால் கூலன்ட். வெறும் ஈரம் என்றால் மழை.

நாகலூர் 800:
செய்து பார்த்தேன் சார். காகிதத்தில் இளம் பச்சை. விரலில் தேய்த்தால் வழுக்குகிறது. ரிசர்வ் டேங்கில் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைகிறது. ஆனால் வண்டிக்கு அடியில், தரையில் ஒரு சொட்டுகூட இல்லை.

குகை பட்டறை:
தம்பி, முதல் வேலையாக மூடியை முழுசாகத் திருகி மூடுங்கள். அந்த யோசனையை யார் சொல்லியிருந்தாலும் மலைப்பாதையில் அதைக் கேட்கவே கூடாது.

காரணம் சொல்கிறேன். ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலன்ட் கொதிக்காமல் இருப்பதே அந்த மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தால்தான். மூடியின் மேல் அந்த அழுத்தம் 0.9 என்று அச்சிட்டிருக்கும், பாருங்கள். சரியாக மூடியிருந்தால் 110 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காது. லூசாக விட்டு, இரண்டாவது கியரில் 20 வளைவும் ஏறினால் மேலே போய்ச் சேர்வதற்குள் கொதித்துத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அப்புறம் எஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட் போகும். ஹீட்டர் செலவைப்போலப் பல மடங்கு அது.

இனி ஒழுகலுக்கு வருவோம். எஞ்சினிலிருந்து இரண்டு ரப்பர் ஹோஸ், எஞ்சினுக்கும் சீட்டுப் பகுதிக்கும் நடுவில் இருக்கும் தகட்டைத் தாண்டி டாஷ்போர்டுக்குள் போகும். ஒன்றில் சூடான கூலன்ட் உள்ளே போகிறது, மற்றொன்றில் திரும்பி வருகிறது. உள்ளே இருப்பது சின்ன ரேடியேட்டர் மாதிரி ஒன்று, அதுதான் ஹீட்டர் கோர். ஒழுகக்கூடிய இடம் மூன்று: ஹோஸ் கிளிப், ஹீட்டர் நாபால் திறந்து மூடும் வால்வு, கோர். கோர் என்று முடிவு கட்டி டாஷ்போர்டைக் கழற்றி, கடைசியில் ஒரு கிளிப்பை மட்டும் இறுக்கி அனுப்பிய வண்டிகள் என் கையிலேயே உண்டு. டார்ச் அடித்து, ஹோஸ் வந்து சேரும் இடத்தில் கைவிட்டுப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் ஒழுகல் அங்கேதான்.

அதுவரை வாசனை வரும்போது ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். கூலன்டில் இருக்கும் கிளைக்கால் விஷம், இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். மேட்டை வீட்டு வாசலில் காயப் போடாதீர்கள். முதலில் நன்றாக அலசுங்கள், அலசிய தண்ணீரையும் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

ஓமலூர் தம்பி:
அண்ணா, நாபைக் குளிர் பக்கம் தள்ளி வால்வை மூடிவிட்டால் ஒழுகல் நிற்காதா?

குகை பட்டறை:
நிற்காது. வால்வு ஒரு பக்கக் குழாயைத்தான் மூடுகிறது. திரும்பும் ஹோஸ் எஞ்சினோடு இணைந்தேதான் இருக்கிறது, அந்த வழியாக அழுத்தம் கோருக்குள் வந்துகொண்டே இருக்கும். வேகம் குறையலாம், அவ்வளவுதான்.

நாகலூர் 800:
ஒரு கிளிப்பில் உப்புப் பூத்திருந்தது. புதுக் கிளிப் போட்டு இறுக்கினேன். நான்கு நாள் நாகலூருக்கும் ஏற்காடு டவுனுக்கும் மட்டும் ஓட்டினேன், மேட் காய்ந்தே இருந்தது. சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நேற்று சேலம் போய்த் திரும்பும்போது மலைப்பாதையில் 60 அடி பாலம் தாண்டுவதற்குள் அதே இனிப்பு வாடை, மறுபடி ஈரம்.

குகை பட்டறை:
அப்படியானால் கோர்தான். சமதரையில் கொஞ்ச தூரம் ஓட்டும்போது அழுத்தம் முழுசாக ஏறாது, ஊசித் துளை வாயைத் திறக்காது. அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி ஏற ஆரம்பித்ததும்தான் அது தன் வேலையைக் காட்டும்.

கோரிமேடு டாக்ஸி:
எதற்கு இவ்வளவு சிரமம்? இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று சேர்த்து பைபாஸ் பண்ணிவிடுங்கள். சேலத்து வெயிலுக்கு ஹீட்டர் யாருக்கு வேண்டும்? என் பழைய வண்டியை ஆறு வருடம் அப்படித்தான் ஓட்டினேன்.

நாகலூர் 800:
சேலத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன் அண்ணா. இங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஹீட்டர் இல்லாமல் கண்ணாடி தெளியாது. ஏசி இருந்தாலாவது அது ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடியைத் தெளியவைக்கும். என் வண்டியில் அதுவும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

குகை பட்டறை:
தம்பி சொல்வது சரி. இன்னொன்றும் இருக்கிறது. மலை ஏறும்போது சூட்டு முள் மேலே போனால், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை முழு வேகத்தில் விட்டால் முள் இறங்கும். கோர் இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்கிறது. மலையில் இருப்பவர் அதை இழக்கக்கூடாது.

ஆனால் வேலை முடியும்வரை தற்காலிகமாக பைபாஸ் பண்ணுங்கள், கோரிமேட்டுக்காரர் சொன்னதில் அந்த மட்டும் தவறில்லை. ஹோஸ்களை ஆணி, கட்டை வைத்து அடைக்காதீர்கள். கூலன்ட் சுற்றி வரும் வழி அறுந்துபோகக் கூடாது. அதே அளவில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டுச் சேருங்கள். ஹோஸ் மடங்கி நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுகலை அடைக்கும் பொடி, திரவம் என்று கடையில் தருவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊசித் துளையை அடைக்கிற பொருள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

ஓமலூர் தம்பி:
கோரைக் கழற்றிய பிறகு ஒட்ட முடியுமா, புதிதுதான் வாங்க வேண்டுமா?

குகை பட்டறை:
செம்பும் பித்தளையும் என்றால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைப்பார்கள், நிற்கும். அலுமினியம் என்றால் புதிது போடுவதே நல்லது. பசை தடவி ஒட்டுவது சூட்டில் நிற்காது. எதுவானாலும் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். கோரின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் காற்றைக் கொடுத்து வாளித் தண்ணீரில் முக்க வேண்டும். 15 பவுண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், பழைய கோர் வெடித்துவிடும். குமிழி வரும் இடத்தில் துளை. மாட்டிய பிறகு ஒழுகினால் மறுபடி முழு டாஷ்போர்டையும் கழற்ற வேண்டும், அதனால்தான் சொல்கிறேன்.

நாகலூர் 800:
பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கேட்டவர்களுக்காக முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு நானும் தங்கை வீட்டுக்காரரும் ஆரம்பித்தோம். டாஷ்போர்டைக் கழற்ற ஒரு முழு நாள் பிடித்தது. ஒவ்வொரு ஸ்குரூவையும் எடுத்த இடத்தின் பேர் எழுதித் தனித்தனிக் கவரில் போட்டு வைத்தோம். அது இல்லாவிட்டால் திரும்ப மாட்டியிருக்கவே முடியாது. கேபிள்கள் இருந்த இடத்தை போனில் படம் எடுத்துக்கொண்டோம். கோரை வெளியே இழுக்கும்போது கீழே பழைய துணியைத் திணித்து வைத்தும் ஒரு டம்ளர் அளவுக்குக் கூலன்ட் சிந்தியது.

செம்புக் கோர்தான். வாளியில் முக்கியதும் இரண்டு இடத்தில் குமிழி. குழாய் வந்து சேரும் மூலையில் பச்சைப் பாசிபோல அரித்திருந்தது. சேலத்து ரேடியேட்டர் கடைக்காரர் பார்த்ததுமே, "போர் தண்ணீர் ஊற்றினீர்களா?" என்று கேட்டார். ஆமாம், அப்பா காலத்திலிருந்தே வழியில் கிடைத்த தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். உள்ளிருந்து சுண்ணாம்புப் பொருக்கு கொட்டியதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு துளையைப் பற்றவைக்கும்போது பக்கத்தில் இன்னொன்று விட்டது. அவரே, "இது மெலிந்துவிட்டது, பணத்தை வீணாக்காதீர்கள்" என்று சொல்லி வேறு கோருக்கு ஏற்பாடு செய்தார். அந்த நேர்மைக்கு நன்றி. ஹோஸ், கிளிப் எல்லாமே புதிது போட்டேன். டாஷ்போர்டைத் திரும்ப மாட்டும் முன் எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு இணைப்புகளைத் தடவிப் பார்த்தோம், காய்ந்தே இருந்தது.

கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க எங்கள் வீட்டு ஏற்றமே உதவியது. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, ஹீட்டர் நாபை முழுச் சூட்டில் வைத்தேன். மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டபோது குமிழிகள் வந்து அடங்கின. குறைந்ததை ஊற்றி மூடினேன்.

மேட்டுக்கு அடியில் இருந்த பஞ்சு முழுக்க ஊறியிருந்தது. அதை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, சேலத்தில் தங்கை வீட்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் காயவைத்தேன். இங்கே பனியில் காயாது. கண்ணாடிப் படலம் சோப்புத் தண்ணீரில் துடைத்து, பிறகு செய்தித்தாளால் தேய்த்ததும் போய்விட்டது.

நேற்று விடிகாலை மறுபடி அம்மாவோடு இறங்கினேன். பனி அன்றைக்கு இருந்ததைவிட அதிகம். ஹீட்டரைப் போட்ட ஐந்து நிமிடத்தில் கண்ணாடி ஓரம்வரை தெளிந்துவிட்டது. அம்மா சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி ஏறும்போது 60 அடி பாலத்தில் வேண்டுமென்றே ஜன்னலை மூடி மூச்சை இழுத்துப் பார்த்தேன். வாடை இல்லை. ரிசர்வ் டேங்கில் நூல் ஒட்டிக் குறித்து வைத்த அளவிலேயே கூலன்ட் அப்படியே இருக்கிறது.

குகை அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

குகை பட்டறை:
மகிழ்ச்சி தம்பி. புது ரப்பர் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். ஒரு மாதம் கழித்து, எஞ்சின் குளிர்ந்த பிறகு எல்லாக் கிளிப்பையும் அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். கூலன்ட் பச்சை ஊற்றியிருந்தால் அடுத்த முறையும் பச்சையே வாங்குங்கள், சிவப்போடு கலக்க வேண்டாம்.