எபிங்ஹாஸின் மறதிக் கணக்கு நிஜமா?

ராத்திரிப்பூச்சி:
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பயிற்சி வகுப்பில் பலகையில் ஒரு கோட்டை வரைந்து, படித்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் மறந்துபோகும், எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் எப்போதோ நிரூபித்துவிட்டார் என்றார்கள். யார் இவர், எத்தனை பேரை வைத்துச் சோதித்தார்? அதைக் கேட்டதிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனசு வரவில்லை.

பழுப்புத்தாள்:
ஒரே ஒரு ஆள், அதுவும் அவரேதான்! 1850இல் பார்மெனில் பிறந்தவர். ஃபெஹ்னர் என்ற ஜெர்மன் அறிஞர் புலனுணர்வை எண்ணில் அளந்ததைப் படித்துவிட்டு நினைவையும் அளக்கலாம் என்று இறங்கினார். தெரிந்த சொல்லை எடுத்தால் பழைய ஞாபகம் குறுக்கே வரும் என்பதால் இரண்டு மெய்க்கு நடுவே ஓர் உயிரொலியை வைத்து சுமார் 2,300 அசைகளை உண்டாக்கி, கடிகாரம் டிக் டிக் என்று அடிக்க அடிக்க அதே வேகத்தில் வாசித்து மனப்பாடம் செய்தார். வருஷக்கணக்கில் இதே வேலை. 1885இல் புத்தகமாக வந்தது.

கல்வெட்டு:
அந்த "மூன்றில் இரண்டு" தான் தப்பாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று அவர் எண்ணவில்லை. ஒரு வரிசையைப் பிசகாமல் ஒப்பிக்கும் வரை படிப்பார், இடைவெளி விட்டு அதையே திரும்பப் படிப்பார், முதல் தடவை ஆன நேரத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்று பார்ப்பார். முதலில் 1,000 வினாடி, மறுநாள் 660 என்றால் மிச்சம் 34 சதவீதம். அவருக்குக் கிடைத்த மிச்சம் இருபது நிமிஷத்தில் 58 சதவீதம், ஒரு நாளில் 34, 31 நாளில் 21. முதல் நாள் சரிவோடு ஒப்பிட்டால் அடுத்த ஒரு மாசத்தில் பெரிதாக ஒன்றும் போகவில்லை, அதை யாரும் பலகையில் எழுத மாட்டார்கள். 2015இல் ஆம்ஸ்டர்டாமில் ஆய்வாளர்கள் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோதும் கோடு ஏறக்குறைய இப்படித்தான் வந்தது.

ராத்திரிப்பூச்சி:
சரி, ஆனால் நான் படிப்பது வரலாறு, அரசியலமைப்பு. அர்த்தமில்லாத அசை இல்லையே?

கல்வெட்டு:
அதையும் பார்த்திருக்கிறார். ஆங்கிலக் கவிஞர் பைரனின் கவிதையில் 80 அசை வரும் ஒரு பத்தியை ஒன்பது தடவை வாசித்தாலே மனப்பாடமாகிவிட்டது, அர்த்தமில்லாததற்கு எழுபது எண்பது தடவை ஆகும் என்கிறார். உங்களுக்கு உதவுவது இன்னொன்று: ஒரே நாளில் 68 தடவை படித்த பலன், மூன்று நாளாகப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது.

பழுப்புத்தாள்:
அந்த 38ஐ அப்படியே பாடத்துக்குப் போட்டுவிடாதீர்கள், அது 12 அசை வரிசைக்கான கணக்கு. பிரித்துப் படியுங்கள், அது போதும்.