மிளகு எண்ணெயில் காரமே இல்லை, ஏமாந்துவிட்டேனா?

மதுரைக்காரி:
அம்மாவுக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. மிளகு எசென்ஷியல் ஆயில் தேய்த்தால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 10 மில்லி குப்பி ஒன்று வாங்கினேன். 650 ரூபாய்! ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன் (திட்டாதீர்கள்). மணம் தூக்குகிறது, காரம் மட்டும் இல்லவே இல்லை. அம்மா நல்லெண்ணெயில் மிளகைத் தட்டிப் போட்டுக் காய்ச்சுகிற தைலம்கூட சுள்ளென்று இருக்கும். இதற்குள் அம்மா அதை அப்படியே முழங்காலில் தேய்த்துவிட்டார். இப்போது சிவந்து அரிக்கிறது. காரமே இல்லாத எண்ணெய் தோலை மட்டும் எப்படி எரிக்கும்? நாளைக்குக் கடையில் சண்டை போடலாம் என்றிருக்கிறேன்.

தாண்டிக்குடி தோட்டக்காரன்:
சண்டையை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், சகோதரி. காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறேன். மூன்று வருடம் முன்பு ஒரு சின்ன வடிகலன் வாங்கி நானும் இதே குழப்பத்தில் விழுந்தேன்.

5 கிலோ மிளகைக் கொரகொரப்பாக உடைத்து நாலு மணி நேரம் ஆவி விட்டேன். குளிர்ந்து வந்த தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தது, மொத்தம் 70 மில்லிதான். லேசான பச்சை நிறம். மாங்காய்க் காம்பை ஒடித்தால் வருமே, அந்த வாசத்தில் பாதி. நாக்கில் வைத்தேன், காரம் இல்லை. மிளகே கெட்டுப்போச்சோ என்று கலத்தில் கிடந்த சக்கையை அள்ளி வாயில் போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

மிளகின் காரம் பைப்பரின். அது ஆவியோடு எழும்பி வராது. வருவதெல்லாம் பைனீன், சபினீன், லிமோனீன், கேரியோஃபிலீன் போன்ற மணப் பொருட்கள். ஆகவே வடித்த எண்ணெய் காரமில்லாமல் இருப்பதுதான் சரி. அம்மாவின் தைலம் வேறு சாதி: பைப்பரின் எண்ணெயில் கரையும், அதனால் சுள்ளென்கிறது. காரமும் மணமும் சேர்ந்து வேண்டும் என்றால் ஓலியோரெசின், அதைக் கரைப்பான் ஊற்றிப் பிரித்தெடுப்பார்கள்.

அந்தச் சக்கையை வீணாக்க மனமில்லாமல் என் மனைவி ரசத்துக்குப் போட்டாள். தொண்டையில் காரம் இறங்கியது, மூக்குக்கு ஒன்றுமே இல்லை. மிளகு தட்டிப் போட்ட பிறகு ரசத்தைக் கொதிக்கவிடாதே என்று எங்கள் அப்பத்தா ஏன் கத்துவார் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தோல் எரிவது செறிவால், வேறு எண்ணெயில் கலக்காமல் அப்படியே தேய்த்ததால். குப்பி வெயிலில் கிடந்து காற்றுப் பட்டிருந்தால் லிமோனீனும் பைனீனும் ஆக்சிஜனேற்றம் அடைந்து இன்னும் கடிக்கும். முதலில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு, அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அரிப்பு அடங்கும் வரை எதையும் தேய்க்க வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

காயல்:
நான் செவிலியர். மேலே சொன்னதோடு சேர்க்க ஒன்று: அரிப்பு முழுக்கப் போன பிறகு, 30 மில்லி நல்லெண்ணெயில் 6 சொட்டு, அதாவது ஒரு சதவீதம் போல. முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முழங்காலுக்குப் போங்கள். மறுபடி சிவந்தால் அந்த எண்ணெய் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிடுங்கள். மூட்டுத் தேய்மானத்தை இது சரிசெய்துவிடாது. பிடித்துவிடும் கையும் சூடும்தான் பாதி வேலை செய்கின்றன. குடிப்பதற்கும் இல்லை.

முகர்வதில்தான் எனக்கு ஆர்வம். விழுங்குவதற்குச் சிரமப்பட்ட முதியவர்களை மிளகு எண்ணெயை முகரச் செய்தபோது விழுங்கும் அனிச்சைச் செயல் விரைவானது என்று 2006இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று வந்தது. 1994இல் அமெரிக்காவில், மிளகுச் சாற்றின் ஆவியை இழுத்த புகைபிடிப்பவர்களுக்குச் சிகரெட் ஏக்கம் குறைந்தது. இரண்டும் சின்ன ஆய்வுகள்தான். இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மதுரைக்காரி:
நன்றி அண்ணா, நன்றி காயல். அரிப்பு அடங்கிவிட்டது. சரி, கலப்படமா இல்லையா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தாண்டிக்குடி தோட்டக்காரன்:
வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் வையுங்கள். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குக் கறை நிற்கும். மலிவான லிமோனீன் கலந்திருந்தால் தாள் காட்டிக்கொடுக்காது, அதற்குக் கேஸ் குரோமட்டோகிராபி அறிக்கை, அதாவது எண்ணெயில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வக அறிக்கை கேட்க வேண்டும். எப்படியும் குப்பியை இறுக மூடி, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

மதுரைக்காரி:
தாளில் பிசுக்குக் கறை இல்லை. சண்டை ரத்து. விஷயத்தை விளக்கியதும் அம்மா குப்பியை என் பக்கம் தள்ளிவிட்டு, "காரம் இல்லாததுக்கு 650 ரூபாயா? கடாயை எடு" என்று சொல்லிவிட்டார். அடுப்பில் நல்லெண்ணெய் காய்கிறது.