பேக்கப் இருந்தது, சிஸ்டம்தான் எழுந்திருக்கவில்லை

டிஸ்க் சாகப்போகிறது என்று ஸ்மார்ட் (டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் வசதி) எச்சரிக்கை வந்தபோது நான் துளிகூடப் பதறவில்லை. வாராவாரம் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து மொத்த லினக்ஸையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தேனே! ப்ராக், சிஸ், டெவ், ரன் ஃபோல்டர்களில் இருப்பவையெல்லாம் சிஸ்டம் ஓடும்போது உருவாகுபவை, நகலெடுக்கத் தேவையில்லை. அவற்றைத் தவிர்க்க 'எக்ஸ்' ஆப்ஷனைப் போட்டிருந்தேன். ரூட் (எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருப்பது) இருக்கும் ஃபைல் சிஸ்டத்தைத் தாண்டாதே என்று அதற்கு அர்த்தம்.

புது எஸ்எஸ்டியை மாட்டி, லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) பூட் செய்து, பார்ட்டிஷன் பிரித்து, எல்லாவற்றையும் திருப்பிக் கொட்டினேன். ரீஸ்டார்ட் செய்தால், பூட் செய்ய எதுவுமே இல்லை என்கிறது. பூட் ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் கணினியைத் துவக்கும் ஃபைல்கள் இருக்க வேண்டிய இஎஃப்ஐ காலி. அது தனி ஃபேட் பார்ட்டிஷன் ஆயிற்றே, 'எக்ஸ்' அதையும் சேர்த்து விட்டுவிட்டது. சொன்னதைத்தான் செய்திருக்கிறது, யாரைக் குறை சொல்ல?

மறுபடி லைவ் யூஎஸ்பி. ரூட்டை மவுன்ட் செய்து (ஒரு ஃபோல்டரில் இணைத்து), இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதனிடத்தில் மவுன்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் உள்ளிருக்கும் மவுன்ட்களோடு சேர்த்து இணைக்கும் ஆர்பைண்ட் போட்டு, சிஎச்ரூட் கமாண்டால் புது டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து, பூட் செய்துவைக்கும் க்ரப்பை நிறுவினேன். முதல் முயற்சியில் வெறும் பைண்ட் போட்டதால் இஎஃப்ஐ வேரியபிள்கள் தெரியவில்லை என்று க்ரப் புலம்பியது. அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆனது.

சரி, க்ரப் மெனு வந்துவிட்டது. அப்புறம் ஏதோ ஒரு டிஸ்க்குக்காக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. எந்தப் பார்ட்டிஷனை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் ரூட்டின் யூயூஐடியை (பார்ட்டிஷனின் அடையாள எண்) மாற்றிய எனக்கு, அடுத்த வரியிலேயே இருந்த இஎஃப்ஐ யூயூஐடியை மாற்றத் தோன்றவில்லை! அங்கேயே திருத்தலாம் என்றால் ரூட் (அட்மின்) கணக்கு பூட்டியிருக்கிறதாம், உள்ளே விடமாட்டேன் என்றது. மூன்றாவது முறையாக லைவ் யூஎஸ்பி.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

• • •

நீங்கள் பரவாயில்லை நண்பரே, உங்கள் ஃபைல்களாவது உருப்படியாக இருந்தன. நான் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் அப்படியே காப்பி செய்து வைத்திருந்தேன். அந்த ஃபைல் சிஸ்டத்துக்கு லினக்ஸின் ஓனரும் தெரியாது, பர்மிஷனும் தெரியாது, சிம்லிங்க்கும் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் இணைப்பு) தெரியாது. திருப்பிப் போட்ட பிறகு அட்மின் உரிமையோடு கமாண்ட் ஓட்டும் சூடோ வேலை செய்யவில்லை. தனக்கு ரூட் ஓனராக இருக்க வேண்டும், ஓனரின் உரிமையோடு ஓடவைக்கும் செட்யூஐடி பிட் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தது. வேறு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், பிரைவேட் கீ எல்லோரும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது என்று மறுத்துவிட்டது. ஒவ்வொன்றாகச் சரிசெய்ய உட்கார்ந்து, ஒரு ராத்திரி போனதும் கைவிட்டேன். புதிதாக நிறுவி, ஹோமிலிருந்து டாக்குமென்ட்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அதே எக்ஸ்ஃபேட் டிஸ்க்தான், ஆனால் எல்லாவற்றையும் டார் என்ற ஒரே ஃபைலாகக் கட்டி வைக்கிறேன். ஓனர், பர்மிஷன், சிம்லிங்க் எல்லாம் டாருக்குள் பத்திரமாக இருக்கும். வெறும் ஃபேட்32 என்றால் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தொடமுடியாது, துண்டு போட வேண்டும். லைவ் யூஎஸ்பியிலிருந்து பிரிக்கும்போது நியூமரிக்-ஓனர் ஆப்ஷனை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் டார் யூசர் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்கு லைவ் சிஸ்டத்தில் என்ன எண்ணோ அதைப் போட்டுவிடும்.

• • •

என் கதை சின்னது. ஆர்சிங்க்கைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரானில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் வெளி டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. மவுன்ட் பாயின்ட் என்னவோ சாதாரண ஃபோல்டர்தானே, ஆர்சிங்க் சந்தோஷமாக அதற்குள்ளேயே எழுதி ரூட் பார்ட்டிஷனை 100% நிரப்பிவிட்டது. காலையில் லாகின் ஸ்கிரீனைத் தாண்ட முடியவில்லை. இப்போது ஸ்கிரிப்டின் முதல் வரியே மவுன்ட்பாயின்ட் கமாண்ட்தான். டிஸ்க் மாட்டவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.

• • •

முதலில் எழுதியவன்தான். அந்த மவுன்ட்பாயின்ட் வரி என் ஸ்கிரிப்டிலும் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். சேர்த்துவிட்டேன்.